கூடு மாறினால் எச்சம் மாறுமா?

மட்டக்களப்பு மாவட்டத்தின் களுவாஞ்சிக்குடியிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "உமி பரப்பிய தரையில் ஐந்நூறு முட்டைக் கோழிகள் வளர்க்கிறேன். கம்பிக்கூட்டுக்கு மாற்றினால் முட்டை கூடுமா? மாரி தொடங்கியதும் நாற்றம் என்று அயலவர்கள் சண்டைக்கு வருகிறார்கள். அதுவும் குறையுமா?"

முதற் கேள்விக்குச் சுருக்கமான பதில் போதும். முட்டையின் எண்ணிக்கையைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை இனம், தீனி, வெளிச்சம் ஆகியவைதான். கம்பிக்கூட்டில் கோழி அலைவதில்லை, தீனியைக் கிளறிச் சிந்துவதும் குறைவு. ஆகவே ஒரு முட்டைக்குச் செலவாகும் தீனி சற்றுக் குறையும். எச்சத்தோடு தொடர்பு அறுவதால் இரத்தக் கழிச்சலும் குறையும். ஆனால் அசைவில்லாத கோழியின் எலும்பு பலவீனமாகும். ஐரோப்பிய ஒன்றியம் வெறுங் கம்பிக்கூடுகளை 2012இல் தடை செய்தது கோழியின் நலனுக்காகவே.

நாற்றத்தைப் பற்றிய இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. அதன் வேர் எச்சத்திலுள்ள நைதரசன். ஒரு முட்டைக் கோழி நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 கிராம் தீனி தின்கிறது. அதில் புரதம் 16 சதவீதம் என்றால், அந்தப் புரதத்தில் உள்ள நைதரசன் 2.8 கிராம். 60 கிராம் முட்டையோடு வெளியே போவது சுமார் 1.1 கிராம். மீதி பெரும்பாலும் எச்சத்தில். ஐந்நூறு கோழிகளுக்கு ஓராண்டுக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 300 கிலோ நைதரசன் வருகிறது, அதாவது 50 கிலோ யூரியா மூட்டைகள் பதின்மூன்று. 2021இல் இலங்கையில் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டு வயற்காரர்கள் எருவுக்கு அலைந்த காலத்தை நினைத்துப் பாருங்கள்.

கூட்டை மாற்றினால் இந்த அளவு பெரிதாக மாறாது. மாறுவது, எச்சம் விழுந்த பிறகு அந்த நைதரசன் எங்கே போகிறது என்பதுதான்.

கோழிக்குச் சிறுநீர்ப்பை கிடையாது. நாம் நைதரசன் கழிவை யூரியாவாக நீரில் கரைத்து வெளியேற்றுகிறோம். கோழி அதை யூரிக்கமிலமாக்குகிறது. எச்சத்தின் மேல் தெரியும் வெள்ளைப் பூச்சு அதுதான். காரணம் முட்டைக்குள் இருக்கிறது. ஓட்டுக்குள் அடைபட்ட கருவின் கழிவு நீரில் கரைவதாக இருந்தால் அது கருவையே நஞ்சூட்டிவிடும். யூரிக்கமிலம் நீரில் கரைவது அரிது. படிகமாகி ஓர் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும். இன்னொரு விந்தையும் உண்டு. சிறுநீர் வெளியேறும் முன்னரே குடல் பின்னோக்கி அசைந்து, அதில் ஒரு பகுதியைக் குருட்டுக்குடல் வரை ஏற்றிவிடுகிறது. அங்கே தண்ணீர் மீட்கப்படுகிறது. பற்றீரியாக்களும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கின்றன. தண்ணீரை வீணாக்கக்கூடாது என்பதைக் கோழியின் குடலிடம்தான் கற்க வேண்டும்.

படிகமாக உலர்ந்து கிடக்கும்வரை யூரிக்கமிலம் நாறாது. ஈரமும் காற்றும் சேர்ந்தால்தான் வினை. பற்றீரியாக்களின் நொதியங்கள் அதைப் படிப்படியாக உடைத்து யூரியாவாக்குகின்றன, அதிலிருந்து அமோனியா பிறக்கிறது. மூக்கை எரிப்பது அந்த வாயு. காற்றில் அது பத்து இலட்சத்தில் 25 பங்கைத் தாண்டினால் கோழியின் மூச்சுக்குழாய் மயிரிழைகள் பழுதடையத் தொடங்கும், முட்டையும் குறையும். அப்போது கண்ணூறு பட்டுவிட்டது என்று பூசணிக்காய் கட்டுவோரை நான் பார்த்திருக்கிறேன். பூசணிக்காயைக் கறிக்கு வைத்துக்கொண்டு, உமியைக் கையில் பிடித்துப் பிழிந்து பாருங்கள். கட்டியாக ஒட்டினால் அங்கே கண்ணூறு எதுவும் இல்லை, ஈரம்தான்.

நாறுகிற எருவே வலிமையான எரு என்ற நம்பிக்கையும் இதே போன்றதுதான். நாற்றம் என்பது நைதரசன் வயலுக்குப் போகாமல் காற்றில் தப்பியோடுவது.

நமது வெயில் இதை மேலும் மோசமாக்குகிறது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. வாயைத் திறந்து இரைக்கிறது, அதிகம் குடிக்கிறது, எச்சம் நீர்த்துப்போகிறது. மழைக்காலத்தில் ஈரம் வெளியிலிருந்தும் வருகிறது. உமியோ தண்ணீரை அதிகம் உறிஞ்சாத பொருள். கம்பிக்கூட்டுக்குக் கீழே குவியும் எச்சத்தில் காற்றுப்பட்டு மேற்பரப்பு உலரும் என்பது உண்மை. ஆனால் குவியலுக்குள் தண்ணீர் ஒழுகினால் கூட்டின் நன்மை அதோடு போயிற்று.

இங்கே ஒரு பொதுவான பழக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாற்றம் எழுந்ததும் சுண்ணாம்பைத் தூவுகிறார்கள். அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7இல் இருக்கும்போது, அமோனியாவின் பெரும்பகுதி அமோனியம் என்ற கரைந்த வடிவில் ஈரத்திலேயே தங்கும். வாயுவாக இருப்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. சுண்ணாம்பு பிஎச்சை 9க்கு உயர்த்தினால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாயுவாகிவிடும். கோழிகள் உள்ளே நிற்கும்போது ஈர உமியில் சுண்ணாம்பு போடுவது அவற்றின் மூக்கில் நேரே அமோனியாவைத் திறந்துவிடுவதற்குச் சமம்.

திறந்தவெளி வளர்ப்புக்கு மாறலாமா என்று அடுத்த கேள்வி வரும். கோழி தோட்டம் முழுவதும் சமமாக எச்சமிடாது, கூட்டை ஒட்டியே குவிக்கும். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள நமது எழுவான்கரை மணல் நிலத்தில் அதன் நைதரசன் நீரில் கரையும் நைத்திரேற்றாகி, வடகீழ்ப் பருவ மழையில் இறங்கி ஆழமற்ற கிணறுகளை எட்டும். குடிநீரில் லீட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மட்டக்களப்பின் ஒரு மாரி முழுவதும் சில பண்ணைகளின் உமியையும் கிணறுகளையும் அளந்து பார்க்கப் பெரிய பணம் வேண்டியதில்லை; அதற்கு ஒதுக்காமல் இறக்குமதிக் கூடுகளுக்கு மானியம் தேடுவது எனக்குப் புரியவில்லை.

களுவாஞ்சிக்குடி வாசகருக்கு: கூடு வாங்கும் முன் தண்ணீர்ப் பாத்திரங்களின் ஒழுக்கை நிறுத்துங்கள், கூரையின் தாழ்வாரத்தை நீட்டுங்கள், ஈரக்கட்டிகளை வாரந்தோறும் எடுத்து மூடிவைத்துக் குவியுங்கள். அதன் பிறகும் அயலவர் வந்தால் கூட்டைப் பற்றிப் பேசுவோம்.