கிதார்க் கழுத்தும் வேலூர் வெயிலும்

மார்கழியில் வீட்டுத் திண்ணையில் செய்து முடித்த மின்கிதார் ஒன்றின் கழுத்து, சித்திரை பிறந்ததும் என் இடக்கையைக் கீறத் தொடங்கியது. கழுத்தின் குறுக்கே வரிசையாகப் பதித்து, ஓரத்தோடு ஓரமாகத் தேய்த்து அடக்கியிருந்த ஃப்ரெட் எனும் உலோகக் கம்பிகளின் முனைகள் மீன்முள் போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கம்பி வளரவில்லை, மரம்தான் ஒடுங்கியிருந்தது.

அறுத்துக் காயவைத்த பின்னும் மரம் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கிறது. அந்த ஈரம் நார்களின் சுவருக்குள் புகுவதால் மரம் குறுக்குவாட்டில் உப்புகிறது; நீளவாட்டில் ஏறக்குறைய மாறுவதேயில்லை. கழுத்துக்குப் பெரிதும் பயன்படும் மேப்பிள் மரத்தில் ஈர அளவு 1 விழுக்காடு குறைந்தால், ஆண்டு வளையங்களின் போக்கில் அகலம் சுமார் 0.33 விழுக்காடு சுருங்கும். வளையங்களைக் குறுக்கே வெட்டும் திசையில் சுருக்கம் அதில் பாதிதான். அடிப்பக்கம் 56 மி.மீ. அகலமுள்ள கழுத்து, மழைக்காலத்திலிருந்து கத்திரி வெயிலுக்குள் 3 விழுக்காடு ஈரத்தை இழந்தால், அரை மில்லிமீட்டருக்கு மேல் ஒடுங்கிவிடும். ஃப்ரெட் கம்பியோ உலோகம். நிக்கல் சில்வர் என்று பெயர் இருந்தாலும், செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த அதில் வெள்ளி துளியும் கிடையாது. ஈரம் அதை ஒன்றும் செய்யாது.

'மரமில்லா மலை' என்று பழமொழியே உள்ள எங்கள் வேலூரில் மேப்பிளுக்கு எங்கே போவது? இடித்த வீட்டின் பழைய தேக்கு நிலைச்சட்டம் ஒன்றைத்தான் நான் எடுத்தேன். தேக்கின் சுருக்கம் மேப்பிளின் பாதியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்; ஆனால் உள்ளங்கையைக் கீற அதுவே போதுமானது. வளையக் கோடுகள் ஃப்ரெட் பதியும் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்திருந்தால் இன்னும் குறைந்திருக்கும்.

வளைவு வேறு சங்கதி. வழக்கமான பருமனுள்ள ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 45 கிலோ எடைக்குச் சமமாகக் கழுத்தை முன்னோக்கி இழுக்கின்றன. கிதார் செய்யும் கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய தாடியஸ் மக்ஹ்யூ 1923-இல் காப்புரிமை பெற்ற டிரஸ் ராடு என்னும் எஃகுக் கம்பி, கழுத்துக்குள் இருந்தபடி அந்த இழுப்பை எதிர்க்கிறது. இந்த இரண்டு விசைகளின் சமநிலையைத்தான் ஈரம் பருவத்துக்குப் பருவம் கலைத்துவிடுகிறது.

ஆகவே, கழுத்துக்குப் பூசும் பாலிஷின் முதல் வேலை பளபளப்பு அன்று, ஈரத்தின் போக்குவரத்தை மட்டுப்படுத்துவதே. முழுமையாகத் தடுக்கும் பூச்சு எதுவுமில்லை. நார்க்குழாய்கள் வாய் திறந்திருக்கும் தலைப்பகுதியின் நுனியும், உடலோடு இணையும் அடிமுனையும்தான் ஈரத்தை மிக வேகமாக உறிஞ்சும் இடங்கள். கண்ணில் படாத அவற்றைத்தான் நானும் பூசாமல் விட்டிருந்தேன்.

இரண்டாம் முறை பொறுமையாகச் செய்தேன். கழுத்தை ஆம்பூர்த் தோல் துண்டின்மேல் கிடத்தி, 120, 180, 240, 320 எண் உப்புத்தாள்களால் நார் ஓடும் திசையிலேயே தேய்த்தேன். பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடைத்ததும், அமுங்கிக் கிடந்த நார்கள் பூனைமீசை போல எழுந்து நின்றன; காய்ந்தபின் அவற்றைச் சீவிவிட்டால், பூச்சு பட்டதும் மீண்டும் அவ்வளவாக எழுவதில்லை. அதன்மேல் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை மெல்லிய பல பூச்சுகளாக ஏற்றினேன். இதை மழைநாளில் செய்யக் கூடாது; ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் பனியாகப் படிந்து, பூச்சு வெளுத்துப்போகும். ஆளிவிதை எண்ணெயை விரும்புவோரும் உண்டு. அது ஆவியாகிக் காய்வதன்று. ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகுவது. அந்த வினையில் வெப்பம் பிறப்பதால், எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் அது தானாகவே தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவைக்க வேண்டும், அல்லது தண்ணீரில் அமிழ்த்திவிட வேண்டும்.

கண்ணாடிபோல் மினுங்கும் பின்புறத்தில் வியர்த்த கட்டைவிரல் ஒட்டிக்கொள்ளும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் லேசாகத் தேய்த்தால் நுண்கீறல்கள் விழுந்து, தோல் தொடும் பரப்பு குறைகிறது. விரல் வழுக்கிச் செல்கிறது. கடைசியாக, நீட்டிய ஃப்ரெட் முனைகளை அரத்தால் சரித்து ராவியபின், இரு ஓரங்களிலும் பஞ்சை இழுத்துப் பார்த்தேன். ஒன்பதாம் ஃப்ரெட்டில் மட்டும் ஓர் இழை சிக்கியது.