கிளாமர்: இலக்கணம் பெற்றெடுத்த கண்கட்டு

"கிளாமர்" என்றதும் நம் வாசகருக்கு ஆடைக் குறைப்புதான் நினைவுக்கு வருகிறது. திரைப்பட விளம்பரங்கள் செய்த கெடுதல் இது. சொல்லின் வரலாற்றில் ஆடைக்கு இடமே இல்லை. அதன் தாய்ச்சொல் "கிராமர்", அதாவது இலக்கணம்.

எழுத்துக்கலையைக் குறித்த கிரேக்கச் சொல் லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து "கிராமர்" ஆனது. எழுத்தறிந்தவர் அரிதாக இருந்த இடைக்காலத்தில், புத்தகம் படிப்பவன் மந்திரமும் அறிந்திருப்பான் என்று மக்கள் நம்பினார்கள். நம்மிடமும் "ஓதுதல்" பாடம் படிப்பதற்கும் ஆகும், மந்திரம் சொல்வதற்கும் ஆகும் அல்லவா? ஸ்காட்லாந்துக்காரர்கள் நாவில் ரகரம் லகரமாகி, "கிளாமர்" பிறந்தது. சூனியக்காரர்கள் பார்ப்பவர் கண்ணை ஏமாற்றுவதுதான் அதன் பொருள் என்று 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கவிஞர் ஆலன் ராம்சே விளக்கினார். பின்னர் வால்டர் ஸ்காட்டின் எழுத்துகள் அதை ஆங்கிலத்தில் பரப்பின. தமிழில் இதற்கு ஒரே சொல்லில் விடை உண்டு: கண்கட்டு.

ஹாலிவுட் இந்தச் சொல்லைக் கையில் எடுத்தபோது பழைய பொருளும் கூடவே வந்தது. 1930களின் ஸ்டூடியோப் புகைப்படங்களைக் கூர்ந்து பாருங்கள். விளக்கை முகத்துக்கு நேராக, உயரத்தில் வைப்பார்கள். கன்னம் குழிந்து எலும்பு எடுப்பாகத் தெரியும். மூக்கின் கீழே வண்ணத்துப்பூச்சி போல ஒரு சிறு நிழல் விழும். பிறகு நெகட்டிவின் மேலேயே பென்சிலால் தொட்டுத் தொட்டுச் சுருக்கங்களை மறைப்பார்கள். அழகு நடிகையுடையது. கிளாமர் தொழிலாளர்களின் கைவேலை.

அந்தக் கண்கட்டில் சிக்கியவர் நடிகை ஹெடி லாமர். 1914இல் வியன்னாவில் பிறந்தவர்; இயற்பெயர் ஹெட்விக் கீஸ்லர். ஆயுத உற்பத்தியாளரான கணவரை விட்டு 1937இல் வெளியேறினார். எம்.ஜி.எம். ஸ்டூடியோவின் லூயி மேயர் அவருக்குப் புதுப்பெயர் சூட்டி, உலகின் மிக அழகிய பெண் என்று விளம்பரப்படுத்தினார். 1938இல் வந்த "அல்ஜியர்ஸ்" படம் அவரை நட்சத்திரமாக்கியது.

அதே பெண், இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைலுடன் சேர்ந்து, நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் டார்பிடோவை இயக்கும் வானொலிச் சமிக்ஞையை எதிரி குலைத்துவிடாதபடி அலைவரிசைக்கு அலைவரிசை தாவச் செய்யும் முறையைக் கண்டுபிடித்தார். தானியங்கிப் பியானோவின் துளையிட்ட காகிதச் சுருள்தான் அதற்கு முன்மாதிரி. அதனால்தான் பியானோ கட்டைகளைப் போல 88 அலைவரிசைகள். 1942 ஆகஸ்ட் 11இல் காப்புரிமை கிடைத்தது. அமெரிக்கக் கடற்படை அப்போது அதைப் பயன்படுத்தவில்லை. அவருடைய முகத்தைக் காட்டிப் போர்க்கடன் பத்திரம் விற்பது மட்டும் நன்றாக நடந்தது. இதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. கல்வியில் பிறந்த ஒரு சொல், கற்றறிந்த ஒருத்தியை மறைக்கும் திரையாகிவிட்டது.

சரி, இன்றைய பொருளில் வரும் கிளாமரைத் தமிழில் என்ன சொல்வது? "கவர்ச்சி" தவறான சொல் அல்ல. கவர்தல் என்றால் பறித்தல். "காய்கவர்ந் தற்று" என்கிறது குறள். பார்ப்பவர் மனத்தைப் பறிப்பது என்ற பொருள் அழகாகவே பொருந்துகிறது. ஆனால் "கவர்ச்சி நடிகை" என்று எழுதி எழுதி அச்சொல்லைக் கெடுத்துவிட்டோம். "அணங்கு" ஆழமானது, வருத்தும் பேரழகைக் குறிப்பது. ஆனால் அன்றாட உரைநடையில் எடுபடாது. "வசீகரம்" வடசொல். ஆயினும் வசியம் செய்தல் என்ற வேர்ப்பொருளால் கிளாமருக்கு மிக அருகில் நிற்கிறது, வாசகருக்கும் பழகியது. ஒருவரின் இயல்பான ஈர்ப்பைச் சொல்ல அதையே எழுதலாம்.

விளக்கும் பென்சிலும் சேர்ந்து உண்டாக்கிய தோற்றத்துக்கு மட்டும் "மாயப்பொலிவு" என்று எழுதுவேன். ஹெடி லாமரின் ஸ்டூடியோப் படங்களில் இருப்பது மாயப்பொலிவு. 1997இல் அந்தக் கண்டுபிடிப்புக்காக முன்னோடி விருது அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 82. மகன் போய்ப் பெற்றுக்கொண்டார்.