பாலே கம்பெனி: சொல் விளக்கம்

‘நியூயார்க் சிட்டி பாலே’, ‘பாஸ்டன் பாலே’ ஆகிய பெயர்களில் வரும் ‘பாலே’ என்னும் சொல் ஆடல் வகையை மட்டும் குறிப்பதன்று. ஊதியம் பெறும் ஆடற்கலைஞர்கள், அவர்களைப் பழக்கும் ஆசிரியர்கள், மேடை வினைஞர்கள், ஆண்டுதோறும் மீண்டும் மீண்டும் ஆடப்படும் படைப்புகள் ஆகிய அனைத்தும் அடங்கிய நிலையான நிறுவனத்தை அது குறிக்கிறது. ‘கம்பெனி’ என்ற சொல் அங்கே தொக்கி நிற்கிறது. இதைக் கவனியாமல் ‘நியூயார்க் நகரப் பாலே நடனம்’ என்று எழுதினால், அந்நகரத்துக்கே உரிய ஏதோ ஒரு நடனம் என்று வாசகர் கொள்ள நேரும்.

‘பாலே’ பிரெஞ்சுச் சொல். சிறு நடனம் என்று பொருள்படும் ‘பாலெத்தோ’ என்ற இத்தாலியச் சொல்லிலிருந்து அது வந்தது. அதற்கு முன்னோடி, ஆடுதலைக் குறிக்கும் பிற்கால இலத்தீன் வினையான ‘பல்லாரே’. பிரெஞ்சில் ஈற்று டகரம் ஒலிப்பதில்லையாதலால் தமிழில் ‘பாலே’ என்று எழுதுவதே சரி. (பால் என்ற பெயரோடு ஏகாரம் சேர்ந்த சொல்லாகவும் இதைப் படிக்கலாம் என்பதால்தான் ‘நடனம்’ என்ற ஒட்டு வந்து சேர்ந்ததோ என்று எனக்கு ஓர் ஐயம் உண்டு.) ‘நாட்டிய நாடகம்’ என்று மொழிபெயர்ப்பாரும் உளர், அது பொருந்தாது. நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்சின் அமெரிக்காவில் முதன்முதலாக 1934இல் அமைத்த ‘செரனேட்’ போன்ற பாலேக்களில் தொடர்ச்சியான கதை இல்லை. இசையும் அசைவுமே அவற்றின் பொருள். ஆகவே ‘பாலே’யை அப்படியே வைத்துக்கொள்வது நல்லது.

‘கம்பெனி’யின் வேர் இலத்தீனில் உள்ளது. ‘கூட’ என்னும் பொருளுடைய முன்னொட்டும் ‘ரொட்டி’ என்னும் பெயரும் சேர்ந்து, உடனிருந்து உண்பவர் என்ற பொருளில் பிறந்த சொல் அது. வணிக நிறுவனம் என்ற பொருள் பின்னர் வந்து ஏறியது. நாடகக் கம்பெனி என்ற வழக்கால் அச்சொல்லின் கலைப் பொருளைத் தமிழரும் நன்கு அறிவர்.

ஒரு நகரத்தின் பாலே கம்பெனி எவ்வாறு உருவாகிறது என்பதைப் பார்த்தால்தான் இதற்கு ஈடான தமிழ்ச்சொல்லைத் தேர்ந்தெடுக்க முடியும். கலைப் புரவலர் லிங்கன் கிர்ஸ்டீன் அழைக்க அமெரிக்கா சென்ற பாலன்சின், முதலில் பள்ளி வேண்டும் என்று வற்புறுத்தியதாகச் சொல்வர். அப்பள்ளி 1934இல் திறக்கப்பட்டது. 1946இல் ‘பாலே சொசைட்டி’ என்ற அமைப்பை இருவரும் தொடங்கினர். அது 1948இல் நகராட்சியின் உடைமையான ‘சிட்டி சென்டர்’ அரங்கில் நிலைகொண்டபோதுதான் ‘நியூயார்க் சிட்டி பாலே’ என்ற பெயரைப் பெற்றது. 1964இல் அந்நகரின் கலை வளாகமான லிங்கன் சென்டரில் அதற்குப் புதிய அரங்கம் அமைந்தது. பள்ளி, படைப்புகள், அரங்கம் என்ற இந்த வரிசை எல்லா நகரங்களுக்கும் பொதுவானதன்று; சான் பிரான்சிஸ்கோவின் கம்பெனி 1933இல் அந்நகர ஓபராவின் கிளையாகத் தோன்றியது. அது 1944இல் ‘நட்கிராக்கர்’ பாலேயை அமெரிக்காவில் முதன்முறையாக முழுமையாக மேடையேற்றியது. இன்று பல நகரக் கம்பெனிகளின் நுழைவுச்சீட்டு வருவாயில் பெரும்பங்கு, கிறிஸ்துமஸ் காலத்தில் ஆடப்படும் அந்த ஒரு படைப்பிலிருந்தே வருகிறது. ஆயினும் சீட்டு வருவாய் மட்டும் போதாது. 1963இல் ஃபோர்டு அறக்கட்டளை சில கம்பெனிகளுக்கும் பள்ளிகளுக்கும் 77 லட்சம் டாலருக்கு மேல் அறிவித்தது. அதில் பெரும்பங்கு பாலன்சினைச் சார்ந்த நிறுவனங்களுக்கே சென்றது என்ற குறையும் அப்போதே எழுந்தது.

இக்கம்பெனிகள் தம் ‘மிஷன்’ என்று அறிவிப்பதற்கு ‘நோக்கம்’ என்ற சொல்லே போதும். மரபுப் படைப்புகளைக் காத்தல், புதியன ஆக்குவித்தல், நகரத்துப் பிள்ளைகளைப் பயிற்றுவித்தல் ஆகியவை அதில் பெரும்பாலும் இடம்பெறும்.

இனி, ஈட்டுச்சொல். ‘மன்றம்’ என்பது ஆடலோடு பழந்தொடர்புடைய அழகிய சொல்லாயினும், இன்று அதைக் கேட்டவுடன் ரசிகர் மன்றம் நினைவுக்கு வருகிறது. ‘குழு’ எளிய சொல்; ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. கம்பெனிக்குள்ளேயே, தனியாடல் இன்றி வரிசையாகச் சேர்ந்து ஆடுவோருக்கு ‘கோர் த பாலே’ என்ற பெயர் இருக்கிறது. அதற்கும் குழு என்றே எழுத நேர்வதால், ‘குழுவிலிருந்து உயர்ந்தார்’ என்ற தொடர் கம்பெனியை விட்டு நீங்கினார் என்றும் பொருள்படும். எனவே கம்பெனிக்குக் ‘குழாம்’, சேர்ந்தாடுவோருக்குக் ‘குழு’ எனப் பிரித்துக்கொள்வதே என் பரிந்துரை. குழாம் என்பது அடியார் குழாம் முதலிய தொடர்களில் இன்றும் வழங்கும் சொல். அலுவலகக் கூட்டங்களின் வாடை அதில் படியவில்லை.

கம்பெனியின் ஆடற்கலைஞர்களைப் பழக்கும் ‘பாலே மாஸ்டர்’ என்ற பதவிக்குச் சிலப்பதிகாரம் நமக்கு ‘ஆடலாசிரிய’னைத் தந்திருக்கிறது, பாலன்சினும் தம் பதவியை ‘பாலே மாஸ்டர்’ என்றே குறிக்க விரும்பியவர். இச்சொற்களைக் கொண்டு, ‘பதினெட்டு வயதில் நகரப் பாலே குழாமில் சேர்ந்தார், நான்கு பருவங்கள் ஆடற்குழுவில் ஆடிய பின், ஆடலாசிரியரின் பரிந்துரையால் தனியாடற்கலைஞராக உயர்ந்தார்’ என்று ஐயத்துக்கு இடமின்றி எழுதலாம்.