கிட்டார் பெல்ட்டின் மறுமுனை எங்கே?

ஞாயிறு பூசையில் பாடற்குழுவோடு நின்று வாசிக்கிறவர்கள், கல்லூரிக் கலைவிழாவில் முதல்முறை மேடை ஏறுகிறவர்கள் என மதுரையில் என்னிடம் பழுதுக்கு வருகிற கிட்டார்களில் பல இவர்களுடையவை. பக்கப் பலகையில் விரிசல், உடைந்த தலை. கேட்டால், "பெல்ட் கழன்றுவிட்டது அண்ணே" என்பார்கள்.

பல அக்கூஸ்டிக் கிட்டார்களில் அடிப்பக்கம் பெல்ட் மாட்ட ஒரு பின் மட்டும்தான் இருக்கும். பெல்ட்டின் மறுமுனைக்கு இடமில்லை. எலக்ட்ரிக் கிட்டாரில் இரண்டு பட்டன் இருப்பதைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி உடம்பின் மேல்வளைவில் ஒரு ஸ்க்ரூவைத் திருகிவிடுகிறார்கள். எலக்ட்ரிக் திட மரக்கட்டை. அக்கூஸ்டிக்கோ உள்ளே வெறும் கூடு, பக்கப் பலகை சுமார் 2 மில்லிமீட்டர்தான். வீட்டில் கதவு, ஜன்னல் வேலை பார்க்க வந்த தச்சரிடம் கொடுத்து அடிக்கச் சொன்னவர்களும் உண்டு. தச்சர் மேல் தப்பில்லை, உள்ளே வெற்றிடம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

துளை போட மனமில்லை என்றால் பெல்ட்டின் மறுமுனையைக் கயிற்றால் கிட்டாரின் தலையில் கட்டலாம். நட்டுக்கும் (தலைக்குக் கீழே கம்பிகள் பதிந்து செல்லும் சின்னப் பட்டை) சுருதி கூட்டும் முதல் கீக்கும் நடுவே, கம்பிகளுக்கு அடியில் கயிற்றை நுழைத்துக் கட்டவேண்டும். கீயில் மாட்டாதீர்கள், சுருதி நிற்காது. தலையில் கட்டினால் நெக் (கிட்டாரின் கழுத்து) வளைந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். சாதாரண லைட் செட் (மெல்லிய ரக) கம்பிகளே நெக்கை 70 கிலோவுக்கும் மேல் இழுத்துக்கொண்டிருக்கின்றன. கிட்டாரின் எடையோ 2 கிலோ சுமார். உண்மையான தொந்தரவு வேறு: தலையை ஒட்டிய முதல் ஃப்ரெட்டுகளில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) கோர்டு பிடிக்கும்போது பெல்ட் கையில் இடிக்கும்.

பட்டன் போட எனக்குப் பிடித்த இடம் ஹீல். நெக் உடம்போடு சேருமிடத்தில் பின்பக்கம் புடைத்திருக்கும் கட்டை அது. அதிலும் மெல்லிய கம்பி இருக்கும் பக்கம், அதாவது வாசிக்கும்போது தரையைப் பார்க்கிற பக்கம். ஹீலின் முதுகில் போட்டால் கிட்டார் முன்னால் கவிழப் பார்க்கும். முதலில் முன்பலகையில் உள்ள சவுண்ட் ஹோல் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். சில கிட்டார்களில் நெக்கை போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். அந்த போல்ட் ஓடும் பாதையை விட்டுத் தள்ளித் துளைக்கவேண்டும். ஸ்க்ரூவைவிடச் சின்னத் துளை போட்டு, ஸ்க்ரூவில் கொஞ்சம் மெழுகு தடவி, கையால் முடுக்கினால் போதும். துளை இல்லாமல் நேராக ஏற்றினால் ஹீல் பிளந்துகொள்ளும், அதை ஒட்டுவது பெரிய வேலை. பட்டனுக்கு அடியில் ஒரு ஃபெல்ட் வாஷர். புதுக் கிட்டாரில் வாரண்டி இருந்தால் துளைக்கும் முன் கடையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அடிப்பக்கத்துப் பின்னையும் நம்பிவிடாதீர்கள். பல கிட்டார்களில் அது பசை இல்லாமல் இறுக்கத்தில் நிற்கும் கூம்பு; விரலால் இழுத்தால் கையோடு வரும். பிக்கப் (ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவி) வைத்த கிட்டாரில் ஒயர் சொருகும் ஜாக்கே பின்னாகவும் இருக்கும். அது தடிமன் என்பதால் பெல்ட்டின் துளை அரைகுறையாக உட்காரும், பாதிப் பாட்டில் கழலும். தோல் பெல்ட்டின் துளையில் கத்தியால் சிறிது கீறி முழுசாக உள்ளே தள்ளுங்கள். ஜாக் லூஸாக இருந்தால் வெளியிலிருந்து சும்மா திருகவேண்டாம். உள்ளே ஒயரும் சேர்ந்து முறுக்கி அறுந்துவிடும்.

அப்புறம், வாசித்து முடித்ததும் பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பைக்குள் வையுங்கள். ரெக்ஸின், ரப்பர் பெல்ட்டுகள் மேல்பூச்சோடு, முக்கியமாக நைட்ரோ லாக்கர் பூச்சோடு, ஒட்டிக்கொண்டு தழும்பு விடும். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் கிட்டாரை விட்டுவிட்டால் பசையே இளகும், அப்போது பெல்ட் எங்கே மாட்டினாலும் ஒன்றுதான்.