கால்மாட்டில் நீலமா, சிவப்பா?

களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார். பழைய கார் ஒன்று எடுத்திருக்கிறாராம். அதற்கு அலுமினியப் பெடல் செட் போட வேண்டும், கால்மாட்டிலும் டாஷ்போட்டுக்குக் கீழேயும் எல்.ஈ.டி. ஸ்ட்ரிப் ஒட்ட வேண்டும். "அண்ணன், நீலம் வடிவா, சிவப்பு வடிவா?" என்பது கேள்வி.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறக்கும் வரை இங்கே கைமாறியதெல்லாம் பழைய கார்கள்தான். இன்றைக்கும் புதுக் காரின் விலை பலருக்கு எட்டாது. இருப்பதை மினுக்கி, ஆசைக்கு இரண்டு சாமான் வாங்கிப் போட்டு ஓட்டும் விருப்பம் எனக்கு நன்றாக விளங்குகிறது. நிறத்தைப் பற்றிய கேள்விதான் என்னைக் காரை விட்டுக் கண்ணுக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

பெடலை முதலில் முடித்துவிடுவோம். பிறேக் பெடல் ஒரு நெம்புகோல். பாதத்தின் விசையை அது ஏறத்தாழ நான்கு மடங்காக்கித் தள்ளும், மிச்சத்தை விசையைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டரும் பிறேக் எண்ணெயும் பார்த்துக்கொள்ளும். மேலே பூட்டும் அலுமினியத் தகடு இதில் எதையும் மாற்றாது. பாதத்துக்கும் பெடலுக்கும் இடையில் உள்ள பிடியைத்தான் மாற்றும்.

செருப்பின் றப்பர் இரண்டு விதமாகப் பிடிக்கிறது. பரப்போடு நெருங்கி ஒட்டிக்கொள்வது ஒன்று. மேடுபள்ளத்தில் அமுங்கி நெளிந்து பிடிப்பது மற்றது. நடுவில் தண்ணீர் வந்தால் ஒட்டுதல் போய்விடும், நெளிவுதான் மிஞ்சும். வழவழப்பான உலோகத்தில் நெளிவதற்கு மேடே இல்லை. ஆரையம்பதியில் ஒரு கராஜில் மார்கழி மழைக்குள் இதைக் காலாலேயே படித்தேன். புதிதாகப் பூட்டிய பெடலைக் காட்டி பாஸ் "மிதிச்சுப் பாரு மனே" என்றார். நனைந்த செருப்போடு மிதித்தேன். பாதம் பிறேக்கில் இருந்து பக்கவாட்டில் வழுக்கி அக்சிலறேற்றரில் போய் நின்றது. எஞ்சின் ஓடவில்லை, அதனால் ஒன்றும் நடக்கவில்லை. மணிக்கு 60 கிலோமீற்றரில் போகும் கார் அரைச் செக்கனில் 8 மீற்றருக்கு மேல் கடந்துவிடும்.

ஆகவே தம்பி, ஓட்டைகளைச் சுற்றி விளிம்பு உயர்ந்த, அல்லது றப்பர் குமிழ்கள் வெளியே நிற்கும் பெடலாகப் பாருங்கள். ஓட்டை வழியே தண்ணீர் வழிந்துவிடும், ரயரில் பூ வெட்டியிருப்பதும் இதற்குத்தான். பழைய பெடலில் துளை போட்டு போல்ற் நட்டால் இறுக்குவது நல்லது. பக்கத்தில் கவ்வும் கிளிப்பையும் ஒட்டும் பசையையும் நம்பவேண்டாம். பிறேக் தகடு தடிப்பாக இருந்தால் அக்சிலறேற்றரை விட அது மேலே எழும்பி நிற்கும், அவசரத்துக்குத் தூக்கும் கால் அதன் விளிம்பில் இடறும். வெறுங்காலோடு ஓட்டுகிறவர் என்றால் இன்னொன்றும் உண்டு. கல்லடிக் கடற்கரையில் மத்தியானம் நிறுத்திய காருக்குள் றப்பருக்கும் அலுமினியத்துக்கும் ஒரே வெப்பநிலைதான். அலுமினியம் அந்தச் சூட்டைக் காலுக்குள் கடத்தும் வேகம்தான் சுடுகிறது.

சரி, லைற்றுக்கு வருவோம்.

மண்முனைப் பாலத்தைக் கடந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம் இரவில் போயிருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வீதி விளக்கு முடிந்ததும் இரண்டு பக்கமும் வயல். தார் வீதி பகல் சூட்டை வைத்திருப்பதால் மாடுகள் அதில்தான் வந்து படுக்கும். எருமை என்றால் கண் மட்டும் மின்னும், அதுவும் முகம் நம் பக்கம் இருந்தால். ஹெட்லைற் நேரே போகிறது. வீதி ஓரத்தில் எழும்பி நடக்கத் தொடங்கும் எருமை அதன் வெளிச்சத்துக்கு வெளியே. அதை நமக்குக் காட்ட வேண்டியவை விழித்திரையின் கோல் கலங்கள்.

கூம்பு நிறத்துக்கு, கோல் மங்கலுக்கு என்று பாடசாலையில் படித்திருப்பீர்கள். கூம்புகள் சுமார் 60 இலட்சம், கோல்கள் ஏறத்தாழ 12 கோடி. ஒரு கோலைப் பெருப்பித்துப் பார்த்தால் அதன் வெளி முனையில் அப்பம் அடுக்கியதுபோல் ஆயிரம் அளவில் மெல்லிய தட்டுகள் அடுக்கியிருக்கும். அவை முழுக்க ரொடொப்சின் என்ற புரதம், ஒரு கோலுக்குள் சுமார் 10 கோடி மூலக்கூறுகள். ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் ரெட்டினல் என்ற சின்ன மூலக்கூறு ஒன்று மடங்கி உட்கார்ந்திருக்கிறது. அது விற்றமின் ஏ இல் இருந்து வந்தது. 11ஆவது காபன் அணுவில் அதற்கு ஒரு மடிப்பு.

ஒரே ஒரு போட்டன், அதாவது ஒளியின் மிகச் சிறிய துணுக்கு ஒன்று, வந்து படட்டும், அந்த மடிப்பு நிமிர்ந்துவிடும். ஒரு செக்கனை ஐந்து இலட்சம் கோடி துண்டாக வெட்டினால் அதில் ஒரு துண்டு நேரம் போதும். நிமிர்ந்த ரெட்டினல் புரதத்தை உள்ளிருந்து முட்ட, புரதம் கோணுகிறது. கோணிய புரதம் பக்கத்தில் உள்ளவற்றைத் தட்டி எழுப்ப, அவை நொதியங்களை எழுப்ப, கடைசியில் கலச் சவ்வில் திறந்திருந்த வாய்கள் மூடிக்கொள்கின்றன. ஒரு போட்டன் வந்ததற்காக ஏறத்தாழ பத்து இலட்சம் சோடியம் அயன்கள் உள்ளே வராமல் வெளியே நிற்கின்றன!

வாய்கள் மூடுகின்றன என்பதைக் கவனியுங்கள். இருட்டில்தான் கோலில் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது, வெளிச்சம் வந்து அதை நிறுத்துகிறது. முதல்முதல் படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். இரவெல்லாம் வாயிலில் சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும் காவல்காரன், ஆள் வந்தால் மட்டும் சத்தத்தை நிறுத்துகிறான். அந்த அமைதியைத்தான் மூளை "ஆள் வந்தாச்சு" என்று வாசிக்கிறது. 1942இல் ஹெக்ற், ஷ்லேர், பிரென் என்ற மூவர் இருட்டறையில் ஆட்களை உட்காரவைத்து அளந்தார்கள். கோல்கள் 5 முதல் 14 போட்டன் வரை உறிஞ்சினாலே மனிதர் "தெரிகிறது" என்று சொல்லிவிடுவார் என்று கண்டார்கள்.

இந்த மடிப்பு ஓர் எலிப்பொறி மாதிரி, இடர்ப்பாடு அதைத் திரும்பக் கட்டுவதில் இருக்கிறது. எலிப்பொறி டப்பென்று விழும், ஆனால் மறுபடி இழுத்துக் கட்ட ஒரு கை வேண்டும். கோலுக்கு அந்தக் கை இல்லை. நிமிர்ந்த ரெட்டினல் புரதத்தில் இருந்து கழன்று, கோலை விட்டே வெளியேறி, பின்னால் உள்ள கருநிறப் படையின் கலத்துக்குப் போக வேண்டும். அங்கே ஒரு நொதியம் அதை வளைத்துக் கொடுக்க, திரும்ப நடந்து வந்து புரதத்துக்குள் உட்கார வேண்டும். பொறி நம் வீட்டில், கட்டுகிற ஆள் பக்கத்து வளவில். வெளிச்சத்தில் இருந்து இருட்டுக்கு வந்த கண் முழுதாகத் தேற அரை மணித்தியாலம் போல ஆவது இதனால்தான். கூம்புகள் பத்து நிமிடத்துக்குள் தேறிவிடும், கோல்கள் ஆறுதலாகத்தான் வரும்.

1876இல் ரோம் நகரில் ஃபிரான்ஸ் போல் என்ற இளம் ஆய்வாளர் இருட்டில் வைத்திருந்த தவளையின் விழித்திரையை எடுத்துப் பார்த்தார். செக்கச் சிவந்திருந்தது அவர் கண்முன்னே வெளிறிப் போனது. அந்தச் சிவப்புத்தான் ரொடொப்சின். அவ்வளவுதான் தொடக்கம். மூன்று ஆண்டில், 30 வயதில், காசநோயால் அவர் இறந்துவிட்டார். அவருடைய ஆய்வை ஜேர்மனியில் வில்ஹெல்ம் கியூனே தொடர்ந்தார். 1933இல் ஜோர்ஜ் வோல்ட் விழித்திரையில் விற்றமின் ஏ இருப்பதைக் கண்டார், 1967இல் நொபெல் பரிசு. தவளைக் கண்ணின் சிவப்பு ஏன் வெளிறுகிறது என்று பார்க்கப் பணம் தாருங்கள் என்று கேட்டால் இன்று நம் நாட்டில் யார் தருவார்? மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 சதவீதத்தைச் சுற்றித்தான் இலங்கை ஆய்வுக்குச் செலவழிக்கிறது. வந்தாறுமூலையில் பல்கலைக்கழகத்தை வைத்துக்கொண்டு, நம் இரவு வீதிகளில் நம் சாரதிகளின் கண் எப்படி வேலை செய்கிறது என்று அளக்க நம் பிள்ளைகளுக்கு வசதி செய்து கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இப்போது நிறம். வளவில் செவ்வரத்தை நின்றால் இன்றைக்கே பொழுது படும் நேரம் போய் நில்லுங்கள். பகலில் பூ பளீரென்று இருக்கும், இலை அதற்குப் பின்னால் மங்கும். இருட்டத் தொடங்கியதும் பூ கறுத்துப் போய், இலை வெளிறித் தெரியத் தொடங்கும். இதை பூர்க்கிஞ்சே என்ற செக் அறிஞர் 1825இல் எழுதி வைத்தார். கூம்புகள் ஓய்ந்து கோல்கள் பொறுப்பெடுக்கும் நேரம் அது. கோலுக்குச் சிவப்பு அநேகமாகத் தெரியாது. ரொடொப்சின் மிகக் கூடுதலாக உறிஞ்சுவது 500 நனோமீற்றர் அலைநீளம் அளவில், நீலப்பச்சையில். கடையில் விற்கும் நீல ஸ்ட்ரிப் 470 அளவில் ஒளிர்கிறது, சிவப்பு 620, 630 அளவில். இரண்டிலும் ஒளிச்சக்தி சமம் என்று வைத்தால், நீலம் கோல்களைச் சிவப்பை விட நூறு முதல் இருநூறு மடங்கு கூடுதலாகத் தாக்கும். அழகுக்கு ஒட்டிய நீலப் பட்டி கால்மாட்டில் இருந்தபடியே நம் கோல்களில் உள்ள பொறிகளைத் தட்டிவிட்டுக்கொண்டே இருக்கும். சிவப்பில் கூம்புகள் ஸ்பீடோமீற்றரை வாசிக்கும், கோல்கள் குழம்பாமல் வேலை செய்யும்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். ஹெட்லைற் போட்டு ஓடுகிறவரின் கண் முழு இருட்டுக்குப் பழகியிருக்காது, கூம்பும் கோலும் கலந்து வேலை செய்யும் நடுநிலையில் இருக்கும். எதிரே பஸ் வந்தால் எல்லாம் கலையும். அதனால் நிறத்தை விட முக்கியம் பிரகாசம். கண்ணைக் கூசவைக்கும் சிவப்பை விட, இருக்கா இல்லையா என்ற அளவில் உள்ள வெள்ளை மேல்.

கோலைப் பற்றிச் சொல்லிவிட்டுப் பேயைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. எனக்குப் பதினாலு வயது இருக்கும். மாமாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து வெல்லாவெளி வீதியால் வந்தேன். மதகடியில் கடைக்கண்ணில் வெள்ளையாக ஓர் உருவம். திரும்பி நேரே பார்த்தேன், இல்லை. முகத்தைத் திருப்பினால் மறுபடி நிற்கிறது. அம்மம்மா அன்றிரவே நூல் கட்டுவித்தா. பகலில் போய்ப் பார்த்தபோது வேலிக் கம்பில் ஒரு உரப்பை. விழித்திரையின் நட்ட நடுவில், நாம் உற்றுப் பார்க்கும் அந்தச் சின்னப் புள்ளியில், கோல்களே இல்லை. மங்கலான பொருளை உற்றுப் பார்த்தால் மறைந்துவிடும், சற்று விலக்கிப் பார்த்தால் தெரியும். எத்தனை முனி, எத்தனை மோகினி இந்தப் புள்ளிக்குள் பிறந்திருக்கும்! பயந்த பிள்ளையை நான் ஒருநாளும் கேலி செய்ய மாட்டேன். ஆனால் மாலைக்கண் வந்து பொழுதுபட்டதும் தடுமாறும் பிள்ளைக்கு மந்திரித்துக்கொண்டு நிற்பதை என்னால் பொறுக்க முடியாது. ரெட்டினல் செய்ய விற்றமின் ஏ இல்லாத உடம்பு அது. முருங்கையிலையும் பப்பாசியும் ஈரலும் வேண்டும், வைத்தியசாலைக்கும் கூட்டிப் போக வேண்டும்.

சரி தம்பி, உங்கள் காருக்கு வருவோம். 12 வோல்ற் ஸ்ட்ரிப்பில் மூன்று எல்.ஈ.டி.யும் ஒரு தடையியும் தொடராக இருக்கும். நீலமோ வெள்ளையோ என்றால் மூன்றும் சேர்ந்து சுமார் 9.5 வோல்ற்றை எடுக்கும், மிச்சம் 2.5 தடையியில். எஞ்சின் ஓடும்போது காரில் இருப்பது 14.4 வோல்ற் வரை. அப்போது தடையியில் விழுவது 4.9, அதாவது மின்னோட்டம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. கடையில் பார்த்த வெளிச்சத்தை நம்பி வாங்காமல் டிம்மரும் சேர்த்து வாங்குங்கள். பற்றரியில் இருந்து நேரே வயர் இழுத்தால் சிறிய பியூஸ் ஒன்றும் கட்டாயம் வேண்டும்.

ஸ்ட்ரிப்பை டாஷ்போட்டின் அடிவிளிம்புக்கு உட்புறமாக, பல்ப் கண்ணுக்குத் தெரியாதபடி, ஒளி கம்பளத்தில் மட்டும் படும்படி ஒட்டுங்கள். டாஷ்போட்டுக்கு மேலே வேண்டவே வேண்டாம். கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் நேரே விழும் ஒளியில் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும், முன் கண்ணாடி சாய்ந்திருப்பதால் இன்னும் கூட. அந்த மங்கல் பிம்பம் எருமைக்கு மேல் திரையாக விழும். மினுங்கும் பெடல் பக்கம் ஒளியைத் திருப்பினால் அதுவும் கண்ணாடிக்குத்தான் போகும், ஆகவே மங்கல் பூச்சுள்ள பெடல் எடுப்பது நல்லது.

ஒட்டி முடிந்ததும் ஓர் அமாவாசைக்குக் கிட்டிய இரவில் படுவான்கரைப் பக்கம் போய், பாதுகாப்பான இடமாகப் பார்த்து ஓரங்கட்டுங்கள். எல்லா லைற்றையும் அணைத்துவிட்டு, போனையும் பொக்கற்றில் போட்டுவிட்டு இருபது நிமிடம் சும்மா இருங்கள். கண்ணாடிக்கு அப்பால் வயல் வரம்புகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கும். அப்புறம் எஞ்சினை ஸ்ராட் பண்ணி, ஹெட்லைற் போடாமல் ஸ்ட்ரிப்பை மட்டும் போடுங்கள். வரம்பு மறைந்தால் டிம்மரை இன்னும் இறக்குங்கள்.