மியூசியம், அருங்காட்சியகம், வைப்பகம்: ஒரு சொல் விளக்கம்

தருமபுரியில் தொல்லியல் துறை நடத்துவதன் பெயர் அகழ்வைப்பகம். கிருஷ்ணகிரியில் இருப்பது அரசு அருங்காட்சியகம். பேச்சில் இரண்டுமே மியூசியம்தான். இவற்றோடு பல்கலைக்கழகங்களின் கலை அருங்காட்சியகம் என்று ஒரு வகையும் உண்டு. அதற்கு எந்தப் பெயர் பொருந்தும் என்று சொல்ல, மூன்று சொற்களும் வந்த வழியைப் பார்க்க வேண்டும்.

மியூசியத்துக்கு மூலம் கிரேக்கம். கலைக்கும் கல்விக்கும் உரிய ஒன்பது தேவதைகளை அந்நாட்டார் வணங்கினார்கள். நினைவின் தேவதையே அவர்களுக்குத் தாய். அந்த ஒன்பதின்மரின் இருப்பிடம் 'மூசேயோன்'. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இப்பெயரோடு விளங்கிய நிலையத்தில் அறிஞர்கள் அரசர் ஆதரவில் தங்கி ஆராய்ந்தார்கள். சேகரித்த பொருள்களைக் காட்டும் இடம் என்ற பொருள், லத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குப் போனபின் ஏறியது.

கல்வி நிலையம் என்ற பழைய பொருளைப் பல்கலைக்கழகங்கள் கைவிடவில்லை. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் 1683இல் திறக்கப்பட்ட ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் அரும்பொருள்களோடு விரிவுரைக் கூடமும் அடித்தளத்தில் வேதியியல் ஆய்வுக்கூடமும் இருந்தன. 1710இல் அங்கே போன உஃபன்பாக் என்ற ஜெர்மானியப் பயணி, அன்று சந்தை நாள் என்பதால் நாட்டுப்புறத்து ஆண்களும் பெண்களும் நிறைந்து, கண்டதையெல்லாம் தொட்டுப் பார்த்தார்கள் என்று குறைப்பட்டு எழுதினார். எனக்கு அதுதான் அந்த நிலையத்தின் பெருமையாகத் தெரிகிறது. சந்தைக்கு வந்தவர்களும் பல்கலைக்கழகத்தின் படியேறிவிட்டார்கள்.

ஓவியர் ஜான் டிரம்புல்லின் ஓவியங்களை வைத்து அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் 1832இல் தன் கலைக்கூடத்தைத் தொடங்கியது. நம் நாட்டில் கல்கத்தா பல்கலைக்கழகம் 1937இல் ஆசுதோஷ் அருங்காட்சியகத்தை அமைத்தது. வங்கக் கிராமத்துப் பெண்கள் பழந்துணியில் தைத்த காந்தா விரிப்புகள், படச்சுருள்கள், சுடுமண் பொம்மைகள் எல்லாம் அங்கே கோயில் சிற்பங்களுக்கு நிகராக இடம் பெற்றன. வங்கத்தின் பழைய ஊரான சந்திரகேதுகரின் அகழாய்வையும் அந்நிலையமே மேற்கொண்டது. இருந்ததைக் காத்ததோடு நிற்காமல் தேடிப் போய்ச் சேர்த்தது என்பதுதான் உண்மையான வளர்ச்சி. காசியின் பாரத் கலா பவன் 1920இல் தனியாகத் தோன்றி, 1950இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது.

தமிழ்நாட்டில் 1851இல் சென்னை அருங்காட்சியகம் தொடங்கியது. மக்கள் அதைச் 'செத்த காலேஜ்' என்றார்கள். விலங்குக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்' ஆனது. படிக்கும் இடம் என்று மக்களே பெயர் வைத்ததைப் பாருங்கள். கிரேக்கரின் கருத்து இங்கே தானாகவே தோன்றியிருக்கிறது.

அருமை, காட்சி, அகம் மூன்றும் சேர்ந்தது அருங்காட்சியகம். அருமையின் ஈறு கெட்டு, அருந்தமிழ், அரும்பொருள் போல, அருங்காட்சி ஆகிறது. அகத்தோடு சேரும்போது யகரம் தோன்றுகிறது. பலர் 'அருங்காட்சியம்' என்று எழுதுகிறார்கள். அது பிழை, ககரம் போனால் அகமே போய்விடும். இலங்கைத் தமிழில் நூதனசாலை என்ற சொல்லும் வழங்குகிறது.

அருங்காட்சியகம் நிலைத்துவிட்ட நல்ல சொல். ஆனால் பார்ப்பதை மட்டுமே அது சொல்கிறது. சேர்ப்பதும் காப்பதும் ஆராய்வதும் அதற்குள் இல்லை. கலைக்கூடம் என்பதோ ஓவியம் மாட்டிய கூடத்தையே பெரிதும் நினைவூட்டுகிறது. தருமபுரியின் வைப்பகம் இரண்டையும்விட ஆழமானது. வைப்பு என்றால் சேமித்த செல்வம். 'அற்றார் அழிபசி தீர்த்தல் அஃதொருவன் பெற்றான் பொருள்வைப் புழி' என்கிறது குறள். இல்லாதவர் பசியைத் தீர்ப்பதே பொருளைச் சேமித்து வைக்கும் இடம் என்கிறார் வள்ளுவர். கொடுப்பதற்காகக் காப்பது என்ற கருத்து இதற்குள் இருப்பதால், பல்கலைக்கழகத்தில் உள்ளதைக் கலைவைப்பகம் என்று அழைப்பதே தகும் என்பேன்.

அகழ்வைப்பகத்தின் நடுகற்களில் வில்லோ வாளோ ஏந்திய வீரனைப் பார்க்கலாம். சிலவற்றில் உடலில் அம்புகள் தைத்திருக்கும்; மேலே வட்டெழுத்து. இதே போன்ற கற்களை எங்கள் ஊர்ப்பக்கம் வேடியப்பனாகக் கும்பிட்டுப் பொங்கல் வைக்கிறார்கள். எழுத்தைப் படிக்க மாணவருக்குத் தெரியும்; வழிபாட்டு முறை பூசாரிக்குத் தெரியும். இருவரும் ஒரே கல்லின் முன் நின்று பேச வேண்டும். பரிபாடலின் 19ஆம் பாடலில் திருப்பரங்குன்றத்து எழுத்துநிலை மண்டபம், அதாவது ஓவிய மண்டபம், வருகிறது. வந்தவர்கள் ஓவியத்தைச் சுட்டி இது என்ன என்று கேட்கிறார்கள். தெரிந்தவர்கள் இவள் அகலிகை, இவன் கௌதமன் என்று சொல்கிறார்கள். 'துன்னுநர் சுட்டவும் சுட்டு அறிவுறுத்தவும்' என்ற அடியைவிட நன்றாகக் கலைவைப்பகத்தின் சமூகப் பணியை யாரும் சொல்லிவிட முடியாது.

பெரியார் பல்கலைக்கழகத்தின் மையம் தருமபுரியை அடுத்த பைசுஅள்ளியில் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்குமான கலைவைப்பகம் ஒன்று அந்த வளாகத்தில் வளர வேண்டும் என்பது என் ஆசை. பர்கூர் அருகே மல்லப்பாடிப் பாறையில் வெள்ளை நிறத்தில் தீட்டியுள்ள குதிரைவீரர்களின் நகலோவியம் அதன் முதல் சுவரில் இடம்பெறட்டும்.