சாமி கும்பிடவும் மனம் வராதபோது

கொங்குப் பகுதியில் மனச்சோர்வுக்கு வெசனம் என்றொரு சொல் நெடுநாளாகப் புழக்கத்தில் இருக்கிறது. ஆனாலும் ஈரோட்டில் என்னிடம் மனநல ஆலோசனைக்கு வருகிறவர்கள் அந்தச் சொல்லில் தொடங்குவதில்லை. உடம்பு ஒரே அசதியாக இருக்கிறது, மேலெல்லாம் வலிக்கிறது, விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு உறக்கம் பிடிப்பதில்லை என்று உடம்பைப் பற்றியே பேசிவிட்டு, எழுந்து செருப்பை மாட்டும் நேரத்தில், "கொஞ்சம் வெசனமாவும் இருக்குதுங்க" என்பார்கள்.

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளையிலிருந்து, அதாவது தோட்டத்து வீட்டிலிருந்து, அழைத்து வரப்பட்ட, ஐம்பது வயதை ஒட்டிய அம்மா ஒருவரை இங்கே சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை தவறாமல் பாரியூர் அம்மன் கோயிலுக்குப் போய்வந்தவர், மூன்று மாதமாக வீட்டில்கூட விளக்கேற்றவில்லை. "சாமியக் கும்புட்டாச் சரியாப் போயிருமுன்னு எல்லாருஞ் சொல்லிப் பாத்துட்டோமுங்க, கேக்க மாட்டேங்கறா" என்றார் கணவர். அந்த அம்மா வெகுநேரம் கழித்துத்தான் வாய் திறந்தார்: "வெளக்கு எரியறது கண்ணுக்குத் தெரியுதுங்க. உள்ள ஒண்ணுந் தோணறதில்லீங்க. அம்மன் என்னயக் கைவிட்டிருச்சுங்க."

இந்தப் பேச்சைப் பக்தி குறைந்துபோனதன் அறிகுறியாகக் குடும்பத்தார் எடுத்துக்கொள்கிறார்கள்; நான் நோயின் அறிகுறியாக எடுத்துக்கொள்கிறேன். மனச்சோர்வு நோயைக் கணிக்க ஒன்பது அறிகுறிகளைப் பார்க்கிறோம். அவற்றில் குறைந்தது ஐந்து, இரண்டு வாரமாவது தொடர்ந்து இருக்க வேண்டும். அந்த ஐந்தில் தீராத சோகம் அல்லது எதிலும் நாட்டமின்மை கட்டாயம் ஒன்றாக இருக்க வேண்டும். சோற்றிலும் பேரக்குழந்தையிலும் ருசி போய்விட்ட மனத்துக்குத் தெய்வத்திடம் மட்டும் எப்படி ருசி மிஞ்சும்? தான் ஏதோ பாவம் செய்துவிட்டோம் என்ற அளவுகடந்த குற்றவுணர்வும் அந்த ஒன்பதில் ஒன்றுதான். ஆகவே, "உனக்கு நம்பிக்கை பத்தலை" என்று வீட்டார் சொல்லும் ஒவ்வொரு முறையும், நோய் அவர் காதில் ஏற்கெனவே ஓதிக்கொண்டிருப்பதையே அவர்களும் ஓதுகிறார்கள். தைராய்டு குறைபாடும் இரத்தசோகையும் இதே சோர்வைத் தரக்கூடும் என்பதால், முதலில் அந்தப் பரிசோதனைகளை எழுதிக் கொடுத்தேன்.

என்னிடம் வருவதற்கு முன் ஊர் அம்மன் கோயிலில் பூக் கேட்டிருந்தார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சந்நிதியில் வைத்து, ஒன்றை எடுத்துப் பார்ப்பது இங்கே கல்யாணம் முதல் கிணறு வெட்டுவது வரை உள்ள வழக்கம். மருத்துவரிடம் போகலாமா என்று கேட்டதற்கு, நினைத்த பூவே வந்ததாம். எனக்கு அதில் வருத்தமில்லை. நான் எழுதிக் கொடுக்கும் மாத்திரையை நிறுத்தலாமா என்று இன்னொரு முறை பூக் கேட்டுவிடக் கூடாது என்பதை மட்டும் கணவரிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

நம்பிக்கை எந்த வழியில் உதவுகிறது என்பதை யோசிக்கும்போதெல்லாம் 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஓர் ஆய்வு எனக்கு நினைவுக்கு வரும். தமிழகத்துச் சிற்றூர்க் கோயில் ஒன்றில், கடுமையான மனநோயுடன் சராசரியாக ஆறு வாரம் தங்கியிருந்த 31 பேரைக் கவனித்ததில், அவர்களின் நோய்க்குறிகள் ஏறத்தாழ இருபது சதவீதம் குறைந்திருந்தன. அவர்கள் மனச்சோர்வு நோயாளிகள் அல்லர் என்பதால் அந்தக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஆனால் அங்கே பேயோட்டலோ அடிதடியோ இல்லை. காலையில் சிறிய பூஜை, பிறகு கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற எளிய வேலைகள், கூடவே தங்கியிருக்கும் ஓர் உறவினர், அவ்வளவுதான். இதற்கு ஓராண்டு முன்பு, 2001 ஆகஸ்டில், ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் சிக்கி 28 பேர் இறந்ததும் இதே தமிழகத்தில்தான்.

ஆகவே அந்த அம்மாவைக் கும்பிடச் சொல்லவில்லை. முதல் வாரம், உறக்கம் வந்தாலும் வராவிட்டாலும் ஆறு மணிக்கு எழுந்து, குளித்து, வாசலில் வெயில் படும்படி சற்று நேரம் உட்கார வேண்டும். அடுத்த வாரம், தோட்டத்து அரளியில் கையளவு பூப் பறித்து வந்து படத்துக்கு வைக்க வேண்டும். மனத்தில் ஒன்றும் தோன்ற வேண்டியதில்லை, கை வைத்தால் போதும். மூன்றாவது வாரம், அவருடைய நங்கையாள் (அண்ணி) வந்து கூட்டிக்கொண்டு கோயில்வரை நடந்து திரும்ப வேண்டும். மனம் சரியான பிறகு செய்துகொள்ளலாம் என்று காத்திருந்தால் மனம் சரியாவதில்லை. செய்யச் செய்யத்தான் மனம் பின்னால் வரும். மாத்திரைப் பட்டையைத் திருநீற்றுச் சம்புடத்துக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொன்னேன். விளக்கேற்றுகிற கை அதையும் எடுத்துவிடும்.

மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் சில நாட்களில் வயிற்றுப் புரட்டலும் இருக்கலாம். பத்து நாளில் நிறுத்திவிட்டு, "ஒத்துக்கலீங்க" என்று வருகிறவர்களே அதிகம். விரதம் இருக்கிறவர்கள் மருந்தை விட வேண்டியதில்லை, எந்த நேரத்தில் எடுப்பது என்று கேட்டுக்கொண்டால் போதும். மனநிலை ஏற்றத்தாழ்வுக்குக் கொடுக்கும் லித்தியம் என்ற மருந்தை எடுப்பவர்கள் மட்டும் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கக் கிளம்பும் முன் மருத்துவரை அவசியம் பார்க்க வேண்டும். வெயிலில் உடலில் நீர் வற்றினால் இரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஆபத்தாக ஏறக்கூடும்.

இனி இருந்து என்ன பயன் என்ற பேச்சு வந்தால், தோட்டத்துச் சாளையில் இருக்கும் பூச்சிமருந்தை அன்றைக்கே பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள். அப்படி எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. 14416 என்ற எண்ணில், அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸில், எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

ஒன்பதாவது வாரம் அந்த அம்மா வந்தபோது கணவர்தான் முந்திக்கொண்டார்: "பூக்காரம்மாகிட்டச் சண்டை கட்டீட்டாளுங்க, முழத்துல ஒரு சாண் கொறையுதுன்னு." அம்மா தலையைக் குனிந்துகொண்டார், ஆனால் உதட்டோரத்தில் சிரிப்பு இருந்தது. சரியாகிவிட்டதே, மாத்திரையை நிறுத்திவிடலாமா என்றார் கணவர். இன்னும் ஆறு மாதமாவது வேண்டும் என்று சொல்லி, அடுத்த வருகைக்கு வெள்ளிக்கிழமை இல்லாத ஒரு நாளாகப் பார்த்துக் குறித்துக் கொடுத்தேன்.